குளிர் சுமக்கும் பழி

விக்டோரியா தின நீண்ட வார இறுதி வந்துவிட்டால் ஒன்ராறியோவின் ஏரிக்கரைகளில் நிற்க இடமிருக்காது. ட்ரென்ட்–செவர்ன் நீர்வழியின் மடைக்கதவுகள் அந்த வெள்ளிக்கிழமையோடுதான் படகுகளுக்குத் திறக்கின்றன. சிம்கோ ஏரியின் இறங்குதுறைகளில் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் யாராவது ஒருவருடைய படகு தண்ணீரில் இறங்கியபின் எஞ்சின் வாயே திறக்காமல் கிடப்பதும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பதும் ஆண்டுதோறும் நடப்பதுதான். உடனே ஒரு தீர்ப்பும் வந்துவிடும்: "ஆறு மாதம் பனிக்குள்ள கிடந்த எஞ்சின், பிறகு எப்படி ஸ்டார்ட் ஆகும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. வசந்தத்தில் எழும்பாத எஞ்சினைக் கெடுத்தது சனவரிக் குளிர் அன்று, ஒக்டோபர் மாதத்தில் செய்யாமல் விட்ட வேலை. குற்றவாளியை மாற்றிப் பிடிப்பதால்தான் மே மாதத்தில் தேவையில்லாத பற்றரிகளும் பிளக்குகளும் ஸ்ப்ரே டப்பாக்களும் விற்றுத் தீர்கின்றன. படகுக்காரர்களிடம் புழங்கும் நம்பிக்கைகள் பலவும் இந்த ஒரு தவறிலிருந்து கிளைத்தவையே.

குளிர் என்னதான் செய்கிறது என்று முதலில் பார்ப்போம். வேதிவினைகள் குளிரில் மெதுவாகின்றன. துரு ஏறுவது, பெற்றோல் கெடுவது, பற்றரி தானாக இறங்குவது எல்லாமே அப்படித்தான். ஈய–அமில பற்றரி சும்மா இருக்கும்போது சார்ஜ் இழக்கும் வேகம், வெப்பநிலை 10 பாகை கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அந்த அக்கினி வெயிலில் கட்டிக் கிடக்கும். அங்கே கழற்றி வைத்த ஒரு பற்றரி அந்த இரண்டு மாதத்தில் இழக்கும் சார்ஜ், அதே பற்றரி ஒன்ராறியோவின் சனவரி, பெப்ரவரியில் இழப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பற்றரிக்குக் குளிர் ஒருவகையில் நல்ல காப்பகம். "அப்படியானால் என் பற்றரி பனியில் வெடித்துப் பிளந்தது எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரியின் அமிலக் கரைசல் உறைய வேண்டுமானால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையையும் தாண்டி இறங்க வேண்டும். ரொறன்ரோப் பக்கம் அந்தக் குளிர் வருவதில்லை. சார்ஜ் முற்றாக இறங்கிய பற்றரியில் இருப்பதோ ஏறக்குறைய வெறும் தண்ணீர். அது −10 பாகை வருவதற்குள் உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். ஆக, அந்தப் பற்றரி குளிர் தொடுவதற்கு முன்பே செத்துவிட்டது. வானொலியோ, அடித்தள நீரை இறைக்கும் பம்ப்போ நவம்பர் முழுவதும் சொட்டுச் சொட்டாக அதை உறிஞ்சியிருக்கும். வயரைக் கழற்றி வைத்திருந்தால், நடுவில் ஒருமுறை சார்ஜ் ஏற்றியிருந்தால், அது பிழைத்திருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை, பற்றரியைக் கொங்கிரீட் தரையில் வைத்தால் தரை சார்ஜை உறிஞ்சிவிடும் என்பது. மரப்பெட்டிக்குள் கண்ணாடிக் கலங்கள் வைத்துப் பற்றரி செய்த காலத்தில் ஈரத்தரை ஆபத்தாக இருந்திருக்கலாம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டி மின்சாரத்தைக் கசியவிடாது. பலகையின்மேல் வைப்பதால் நட்டமொன்றும் இல்லை, ஆனால் பலகை போட்டுவிட்டோம் என்ற திருப்தியில் சார்ஜ் ஏற்ற மறந்துவிடுகிறார்களே, அதுதான் நட்டம்.

குளிரின்மேல் நியாயமாகச் சுமத்தக்கூடிய குற்றம் ஒன்று உண்டு. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது, வார்ப்பிரும்பு அதற்கு இடம் கொடுக்காது. படகுக்குள்ளேயே பொருத்திய, ஏரித் தண்ணீரையே உள்ளே சுற்றவிட்டுக் குளிரூட்டும் எஞ்சின்களில் வெளியேற்றாமல் விட்ட தண்ணீர் எஞ்சின் பிளாக்கையே வெடிக்க வைக்கும். இதிலும் குளிர் தனியாக எதையும் செய்துவிடவில்லை, உள்ளே தண்ணீர் இருந்தால்தான் அதற்குக் கைவரிசை காட்ட முடியும். "நான் உறைவெதிர்ப்புத் திரவத்தைக் குழாய் வழியாக ஊற்றிவிட்டேனே" என்பது இங்கே வழக்கமான மறுப்பு. எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறக்காத நிலையில் ஊற்றிய திரவம் பிளாக்கின் உள்ளறைகளுக்குப் போகாமல் பக்கவழியாகவே வெளியே வந்துவிடலாம். வெளியே இளஞ்சிவப்பு நிறம் வழிவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைப்போம், உள்ளே பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். வடிகால் திருகுகளைத் திறந்து முதலில் வடியவிட்டு, பிறகு ஊற்றுவதுதான் சரி. படகின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்ட் எஞ்சின்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நேராக நிமிர்த்தி வைத்தால் குளிரூட்டும் தண்ணீர் தானே வடிந்துவிடும். ஆனால் அடியிலுள்ள கியர்ப் பெட்டியைப் பார்க்க வேண்டும். அதன் கீழ்த் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினால் வரும் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள்.

பற்றரியும் பிளாக்கும் போக, வசந்தத்தில் எழும்பாத பெற்றோல் எஞ்சினை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பெற்றோலிலேயே வந்து நிற்கும். "பெற்றோல் கெடுமா, அது என்ன பாலா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கெடும். எளிதில் ஆவியாகி முதல் தீப்பொறியிலேயே பற்றிக்கொள்ளும் இலேசான பகுதிகள்தான் முதலில் வெளியேறுகின்றன. எஞ்சியது காற்றோடு சேர்ந்து ஒட்டும் பிசினாக மாறுகிறது. கார்புரேற்றரின் அடிக்கிண்ணத்தில் தங்கிய சில கரண்டிப் பெற்றோல் குளிர்காலம் முழுவதும் அங்கேயே காய்ந்து, ஊசிமுனைத் துளையுள்ள ஜெட்டை அடைத்துவிடும். கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் தேன் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும், விரலில் தொட்டால் பசைபோல் இழுக்கும், மூக்கில் பழைய வார்னிஷ் வாடை ஏறும். அந்த நிலையில் தொட்டியில் எவ்வளவு புதுப் பெற்றோல் நிரப்பினாலும் ஜெட்டைத் தாண்டி ஒரு சொட்டும் போகாது. விலை கூடிய பிரீமியம் பெற்றோல் ஊற்றினால் சரியாகிவிடும் என்பதும் வீண் நம்பிக்கை. ஒக்டேன் எண் என்பது எரிபொருள் நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டுவது, அடைப்பை நீக்கும் திறனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்டெபிலைசர் திரவத்தையும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது புதுப் பெற்றோல் கெடும் வேகத்தைக் குறைக்குமே தவிர, கெட்டதைத் திரும்ப நல்லதாக்காது. வசந்தத்தில் ஊற்றுவது வீண். இலையுதிர் காலத்தில் ஊற்றிவிட்டு எஞ்சினைப் பத்து நிமிடமாவது ஓடவிடாமல் மூடி வைப்பதும் பாதி வீண்தான், ஏனென்றால் மருந்து தொட்டியிலேயே நிற்கும், கார்புரேற்றருக்குள் பழைய பெற்றோல்தான் கிடக்கும்.

எத்தனால் விஷயத்தில் குளிருக்கும் ஒரு சிறு பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒன்ராறியோவில் விற்கும் சாதாரணப் பெற்றோலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எத்தனால். அது தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்திருக்கும். 15 பாகையளவில் இருக்கும்போது அரை சதவீதம் வரை, அதாவது 20 லீற்றர் கலனில் 100 மில்லிலீற்றர் வரை, தண்ணீர் இருப்பது கண்ணுக்கே தெரியாது. வெப்பம் இறங்க இறங்க அந்தத் தாங்கும் அளவும் இறங்கும். ஒக்டோபரில் கலங்காமல் இருந்த பெற்றோல் பெப்ரவரியில் இரண்டாகப் பிரியும். எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கும், ஒக்டேன் குறைந்த பெற்றோல் மேலே நிற்கும். எஞ்சினுக்கு எரிபொருள் உறிஞ்சும் குழாயோ தொட்டியின் அடியில்தான் வாய் வைத்திருக்கிறது. இதையும் குளிரின் கணக்கில் எழுதலாம் என்றால் எழுதுங்கள், ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான் என்றாலும் மூச்சுத்துளை வழியாக அப்படிச் சேரும் அளவு குறைவு, சேரும் வேகமும் குறைவு. ரப்பர் வளையம் வெடித்துப்போன மூடியும் மழையும்தான் பெரிய வாசல்கள். சோதிப்பதும் எளிது. தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால், நடுவில் கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்குகள் தெரியும். அப்படிப் பிரிந்ததைக் குலுக்கிச் சேர்க்க முடியாது, மருந்து ஊற்றியும் சேர்க்க முடியாது. முறைப்படி அகற்ற வேண்டியதுதான். கையில் தூக்கும் கலன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். எண்ணெய் கலக்காத பெற்றோல் என்றால் இலையுதிர் காலத்திலேயே காரின் தொட்டியில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிடலாம்.

"இத்தனை வருடம் ஒன்றும் செய்யாமல்தான் வைத்தேன், ஒவ்வொரு மே மாதமும் முதல் இழுப்பிலேயே எழும்பியது" என்பது எல்லா அறிவுரைக்கும் எதிராக வைக்கப்படும் பலமான வாதம். பொய் சொல்கிறார்கள் என்று தள்ளிவிட முடியாது. எத்தனால் இல்லாத பெற்றோலும், ஜெட் துளை பெரிய பழைய எஞ்சின்களும் நிறையவே மன்னித்தன. தவிர, கெடுதல் ஒரே குளிர்காலத்தில் முடிந்துவிடுவதும் இல்லை. ஜெட் துளை ஆண்டுக்குக் கொஞ்சமாகச் சுருங்கும், பற்றரி ஒவ்வொரு முறை வெறுமையாகக் கிடக்கும்போதும் தகடுகளில் சல்பேற் படிந்து கொஞ்சம் திறன் இழக்கும். எழும்பாத அந்த வசந்தம் வருவதற்கு முந்திய வசந்தங்களில் எஞ்சின் கடன் வாங்கி ஓடிக்கொண்டிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். புதிய எரிபொருள் ஊசி எஞ்சின்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று சொல்வாரும் உண்டு. கார்புரேற்றர் இல்லைதான், ஆனால் ஊசித்துளைகள் ஜெட்டைவிட நுண்ணியவை. பெரிய எஞ்சின்களில் கணினிக்குப் போதிய வோல்ட் கிடைக்காவிட்டால் ஸ்டார்ட்டர் சுழன்றாலும் தீப்பொறி வராமல் போகலாம்.

சரி, ஒக்டோபர் போய்விட்டது, மே வந்துவிட்டது, எஞ்சின் எழும்பவில்லை. இப்போது நம்பிக்கைகளில் ஆகக் கெட்டது தலைதூக்கும்: விடாமல் சாவியைத் திருப்பினால் எப்படியும் பிடித்துக்கொள்ளும் என்பது. ஸ்டார்ட்டர் மோட்டார் சில வினாடி வேலைக்காகச் செய்யப்பட்டது. பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றினால் அதன் சுருள்கள் கொதிக்கும், நடுவில் ஓரிரு நிமிடம் ஆறவிட வேண்டும். ஸ்டார்ட்டர் எரிவதுகூடச் சின்ன நட்டம்தான். பாய்மரப் படகுகளின் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் குளிரூட்டிய தண்ணீர் புகையோடு கலந்து புகைக்குழாய் வழியாகவே வெளியேறுகிறது. எஞ்சின் சுழலும்போதெல்லாம் தண்ணீர்ப் பம்ப்பும் சுழலும். எஞ்சின் பிடித்தால் புகையின் அழுத்தம் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும், பிடிக்காவிட்டால் தள்ள ஆளில்லை. ஒவ்வொரு முயற்சியிலும் குழாயில் தண்ணீர் மட்டம் ஏறி, கடைசியில் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் வழியும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் அடுத்த சுழற்சியில் பிஸ்டன் தண்டு வளையும். இரண்டு மூன்று முறை பார்த்தும் பிடிக்காத எஞ்சினில் அடுத்த முயற்சிக்கு முன் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு, பிடித்த கணமே திறக்க வேண்டும். சாவியில் ஒரு துண்டுத் தாள் கட்டி அதை நினைவூட்டி வைப்பது நல்லது, ஏனென்றால் மூடியதை மறந்துவிட்டால் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் சற்று நேரத்திலேயே கருகிப்போகும்.

ஈதர் ஸ்ப்ரே அடுத்த நம்பிக்கை. காற்று உறிஞ்சும் வாயில் அடித்தால் எஞ்சின் இருமிக்கொண்டு எழும்புவது உண்மை. ஆனால் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தை அது கழுவிவிடுகிறது. சூடேற்றும் பிளக் உள்ள டீசல் எஞ்சினில் அடித்தால் ஈதர் நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும், பிஸ்டன் வளையம் உடையலாம், வாயில் முகத்தை வைத்திருப்பவர் தீக்காயப்படலாம். பெற்றோல் வராததற்கு ஈதர் மருந்தாகாது. பெற்றோல் வரவில்லை என்று காட்டித்தரும் வேலையை மட்டும் செய்யும், அதை அறியக் குறைந்த ஆபத்துள்ள வழிகள் நிறைய இருக்கின்றன.

முதல் வழி காது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பியூஸ் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 'டக்' என்று ஒற்றைச் சத்தம் வந்து நின்றால் மின்சாரம் போதவில்லை. ஸ்டார்ட்டர் 'ஙீ' என்று சுழன்றும் எஞ்சின் அசையாவிட்டால் அதன் பற்சக்கரம் கிறீஸ் காய்ந்து ஒட்டியிருக்கிறது. எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுழன்றும் பிடிக்காவிட்டால் பற்றரியைத் தொடவே வேண்டாம், தீப்பொறியும் பெற்றோலும்தான் மிச்சம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது, ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு. அதன் கிளிப் பொருந்தாமல் இருப்பதைக் கவனிக்காமல் கார்புரேற்றர்வரை பிரித்துப் போடுகிறவர்கள் குறைவில்லை. அடுத்தது கலன் மூடியிலுள்ள மூச்சுத்துளைத் திருகு. அதன்பின் பெற்றோல் குழாயின் நடுவிலுள்ள ரப்பர்க் குமிழ். நன்றாக அமுக்கியும் அது கெட்டியாகாவிட்டால் குழாய் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது.

'டக்' என்று நின்றால் புதுப் பற்றரி வாங்க ஓடுவதுதான் வழமை. கடைக்குப் போகுமுன் ஒரு மல்டிமீற்றரால் ஐந்து நிமிடம் செலவிடலாம். சும்மா இருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. அது நன்றாக இருந்தால், மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஈயக் குமிழிலும் மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கிடையே மீற்றர் ஏறக்குறையப் பூச்சியம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு பற்றரியில் இல்லை, வெளியே மினுமினுத்தாலும் இடுக்கில் பூத்திருக்கும் அந்த வெள்ளைப் பொடியில் இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். பிளக் விஷயத்தில் மட்டும் புதிது வாங்கும் பழக்கத்துக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. இலையுதிர் காலத்தில் சிலிண்டருக்குள் ஒழுங்காகக் காப்பெண்ணெய் அடித்தவர்களுக்கு அந்த எண்ணெயே பிளக்கை நனைத்துத் தீப்பொறியைத் தடுக்கலாம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கும் எஞ்சின் எழும்பாமல் போகும் அரிய இடம் இது. பிளக்கைத் துடைத்தோ மாற்றியோ போட்டால் சில நிமிடம் நீலப் புகை கக்கிவிட்டு எஞ்சின் சரியாகிவிடும். அந்தப் புகையைக் கண்டு பதற வேண்டாம்.

ஸ்டார்ட்டரோ அல்டர்னேற்றரோ மாற்ற வேண்டியதாகவே இருந்தால், கார்க் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் அதே அளவுள்ள பொருள் போதும் என்ற பேச்சை மட்டும் கேட்காதீர்கள். படகின் எஞ்சின் அறை மூடியது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். படகுக்கான பாகங்கள் உள்ளே எழும் தீப்பொறி வெளியே வராதபடி மூடிச் செய்யப்பட்டவை, காருக்கான பாகங்களுக்கு அந்தக் காப்பு இல்லை. படகுக்குள் பொருத்திய பெற்றோல் எஞ்சினை எழுப்புமுன் ஒவ்வொரு முறையும் காற்றூதியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது கனடாவின் விதி. எஞ்சின் எழும்பாத பதற்றத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

இவ்வளவு தொல்லைக்குப் பதில் குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. சூடான எஞ்சினில் அது ஆவியாகப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் சூடேறாத எஞ்சினில் ஒரு பகுதி உள்ளேயே குளிர்ந்து எண்ணெயில் கலக்கும். குளிரூட்டும் வழிகளில் வடியாமல் தங்கிய தண்ணீர் அன்றிரவே உறையும். அக்கறையோடு செய்யும் அந்த வாராந்தரப் பழக்கத்தைவிட, ஒக்டோபரில் எண்ணெய் மாற்றி, பற்றரியைக் கழற்றி, ஒழுங்காக மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது எஞ்சினுக்கு நல்லது.

இந்த மே மாதத்தில் படகை இறக்க இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் உறிஞ்சும் வாயில் கவ்வும் ரப்பர்க் கவசம் எந்தப் படகுக் கடையிலும் கிடைக்கும். தோட்டக் குழாயை அதில் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, வீட்டு முற்றத்திலேயே எஞ்சினை ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். விக்டோரியா தினத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகவே அதைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் அந்த வார இறுதிக்கு முன் மெக்கானிக்குகளிடம் இடம் கிடைப்பது அரிது.